விபத்தில் நொறுங்கிய காரைத் தானம் கொடுக்கலாமா?

(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் மோட்டார் கிளெய்ம் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையே பேசுகிறேன்.

2016-ஆம் வருஷம் எங்கள் அத்திம்பேரும் அக்காவும் புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் வழியில், பின்னாலிருந்து ஒரு லாரி மோதி, கார் அப்பளமாக நொறுங்கிவிட்டது. பகவத் கிருபையால் அக்காவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று. "உயிரோடு எழுந்து வந்தோமே, அதை விற்றுக் காசாக்க வேண்டாம். தர்மத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்றாள் அக்கா. நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளையும் போனில் அதையே சொன்னான். அங்கே தர்ம ஸ்தாபனத்தைக் கூப்பிட்டால் வண்டியை இழுத்துப் போய் ஏலத்தில் விடுவார்கள். வரிச் சலுகையும் உண்டு. 2005 முதல் அந்தச் சலுகை பெரும்பாலும் ஏலத்தில் கிடைத்த தொகைக்கு மட்டும்தான். அங்கேயும் உரிமைப் பத்திரத்தை முறையாக மாற்றிக் கொடுத்தாக வேண்டும். பிள்ளை இதையெல்லாம் சொல்லவில்லை.

அத்திம்பேர் கம்பெனியில் கிளெய்ம் வாங்கிக்கொண்டு, உடைந்த வண்டியைத் தானே வைத்துக்கொண்டார். ஓர் அனாதை இல்லத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். அத்திம்பேர் ஆர்.சி.யையும், 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் வெறுமனே கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். எனக்கு ஒரு போன் செய்யவில்லை. நானும் மணிக்கட்டை விசாரித்தேனே தவிர வண்டியை விசாரிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வேறு மாநிலப் போலீஸ் வாசலில் வந்து நின்றது. திருடப்பட்ட ஒரு கார், அதே மாடல், அதே நிறம். அதில் அத்திம்பேர் காரின் நம்பரும் சேஸிஸ் எண்ணும்! உடைந்த வண்டிக்கு ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை, அதன் ஆர்.சி.க்கு ஆசைப்பட்டு வருகிறார்கள். எழுபது வயதில் அத்திம்பேர் ஒன்றரை வருஷம் விளக்கம் சொல்லிக்கொண்டு அலைந்தார். அந்த இல்லத்துக்கோ கார் வந்த சமாச்சாரமே தெரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று தீர்ப்புச் சொன்னது. எப்போதோ விற்றுவிட்டேன் என்பது எடுபடவில்லை. தானம் கொடுத்துவிட்டேன் என்பதும் எடுபடாது.

ஆகவே முறை என்ன? பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவிகிதத்துக்கு மேல் ரிப்பேர் செலவு வந்தால் அதை முழு நஷ்டமாக எடுத்துக்கொள்வார்கள். மதிப்பு 4 லட்சம் என்றால் 3 லட்சத்தைத் தாண்ட வேண்டும். உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் கம்பெனி மூலமாக அது விலை போகும். எனவே கிளெய்ம் முடிவதற்கு முன் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் மிஞ்சுமா என்பதே அப்போது தெரியாது. பாங்க் கடன் பாக்கி இருந்தால் அதையும் முதலில் தீர்க்க வேண்டும்.

அடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, இனி ஓடவே முடியாத வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள், அல்லது கூடிய சீக்கிரம், தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். ரத்தான உத்தரவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2021-ல் வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகள் வந்தன. விபத்தில் சேதமான வண்டியையும் பதிவு பெற்ற நிலையத்தில் கொடுக்கலாம். விலையோடு, டெபாசிட் சர்டிபிகேட் என்று ஒன்றும் தருவார்கள். அதைக் காட்டினால், அடுத்து வாங்கும் சொந்த உபயோகக் காருக்குச் சாலை வரியில் 25 சதவிகிதம் வரை தள்ளுபடி தர மத்திய அரசின் விதி இடம் தருகிறது. எவ்வளவு தருவது என்பது அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது.

கிடைத்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுங்கள். 80ஜி என்ற பெயரில் நமக்குப் பழக்கமான வரிச் சலுகை பணமாகக் கொடுப்பதற்குத்தான், பொருளுக்குக் கிடையாது. ரொக்கமானால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. செக்காகக் கொடுங்கள். புதிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்காகத் தர்மத்தை நிறுத்த வேண்டாம்!

பொருளாகவே கொடுக்க ஆசையா? அருகிலுள்ள ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ, பிள்ளைகள் பிரித்துப் பூட்டிப் பழக இஞ்சினும் கியர் பாக்ஸும் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால், பதிவு ரத்தான பிறகு, அவர்களிடம் கடிதம் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கடோபநிஷத்தில் வாஜச்ரவஸ் பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் செய்வதைப் பார்த்து, இது தானமாகுமா என்று பிள்ளை நசிகேதஸ் கவலைப்படுகிறான். நமக்குப் பாரமானதை இன்னொருவர் தலையில் கட்டுவதைத் தானமென்று சொல்ல முடியாது. வாங்குபவருக்குப் பிரயோஜனப்பட வேண்டும். நம் கடமை பாக்கியில்லாமல் முடிந்திருக்கவும் வேண்டும்.

போலீஸ் விவகாரம் தீர்ந்ததும் அத்திம்பேர் நேரே அந்த அனாதை இல்லத்துக்குப் போனார். உடைந்த வண்டிக்காகக் கிளெய்மில் கழித்த தொகை எவ்வளவோ, அவ்வளவுக்கும் ஒரு செக் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். "இப்போதுதான் கார் தர்மத்துக்குப் போய்ச் சேர்ந்தது" என்றாள் அக்கா.

வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆர்.சி. எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பாருங்கள். நீங்கள் விற்ற பழைய வண்டி இன்னமும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.