புதிய மூட்டும் பழைய கிளட்சும்

(விழாவின் முதியோர் நல அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இன்று எந்த இல்லத்திற்கும் புதுச் செய்தி அன்று. 2000 அக்டோபரில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூனில் வலது முழங்கால். நாடாளும் ஒருவர் செய்துகொண்ட பிறகு அச்சம் சற்றே விலகிற்று. 2017 ஆகஸ்டில் மைய அரசு விலைக்கு உச்சவரம்பு விதித்தபோது, ஒன்றரை இலட்சத்தையும் கடந்து விற்ற கோபால்ட்-குரோமியம் முழங்கால் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கிற்று. செலவு பற்றிய தயக்கமும் ஓரளவு தீர்ந்தது.

ஆகவே இன்று எழும் வினா வேறு. கொட்டிவாக்கத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் வாழ, கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கும் வீடுகள் எத்தனையோ உள்ளன. அவ்வீட்டின் கார்தான் அவர்களுக்குக் கடைத்தெரு, மருந்தகம், ஜினாலயம், உறவினர் இல்லத் திருமணம் எல்லாம். அறுவை முடிந்து மூன்றாம் வாரம் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தவுடன், "வண்டியை எடுக்கலாமா?" என்று அவர் கேட்கிறார். "நடக்கிறாரே, ஓட்டக் கூடாதா?" என்று வீட்டாரும் எண்ணுகின்றனர். இவ்விடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். நடப்பதற்குத் தேவையான கால் வேறு. திடீரென வண்டியை நிறுத்துவதற்குத் தேவையான கால் வேறு.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் மாறுவதில் அரை நொடி தாமதம் நேர்ந்தால், வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். அது ஒரு சிறு காரின் நீளத்தைவிட மிகுதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து குறுக்கே வரும் சிறுவனுக்கும், எதிர்த்திசையில் புகும் இருசக்கர வண்டிக்கும், ஒரு நாய்க்கும் அந்த ஐந்தரை மீட்டரே உயிர்.

கால் ஏன் தாமதிக்கிறது? மூட்டுக்குள் வைத்த உலோகம் காரணமன்று. அது முதல் நாளிலிருந்தே உடல் எடையைத் தாங்குகிறது. அதனால்தான் மறுநாளே நடக்கவைக்கின்றனர். சோர்ந்துபோவது தொடையின் முன்தசை. முழங்கால் அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் அதன் வலிமை பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது. வீக்கமும் வலியும் இருக்கும்வரை, மூளை ஆணையிட்டாலும் அத்தசை முழுவிசையுடன் சுருங்க மறுக்கும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் தரும் மயக்கம் இதனோடு சேர்கிறது. அம்மாத்திரை நிற்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதிருப்பதே முறை.

வலது முழங்காலை மாற்றிக்கொண்டோர் பிரேக் மிதிக்கும் வேகம் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 8 வாரம் ஆகும் என்று 1994-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று கூறிற்று. சிகிச்சை முறை மேம்பட்ட பின் வந்த ஆய்வுகள் பல 4 முதல் 6 வாரம் என்கின்றன. இடுப்பு மூட்டுக்கும் பெரும்பாலும் இதனை ஒட்டிய காலமே சொல்லப்படுகிறது. ஓர் ஆறுதலும் உண்டு. தேய்ந்த மூட்டோடு பல ஆண்டு ஓட்டியவரின் கால் அறுவைக்கு முன்பே தாமதப்பட்டிருக்கக்கூடும். நன்கு தேறியபின் முன்னினும் விரைவாகப் பிரேக் மிதிப்போரும் உளர்.

இடது காலில் அறுவை செய்துகொண்டவருக்கு அமெரிக்காவிலுள்ள மகன், "இரண்டு வாரத்தில் ஓட்டலாமாம்" என்று செய்தி அனுப்புவார். அவ்வறிவுரை கிளட்சே இல்லாத காரைக் கருதி எழுதப்பட்டது. இங்கோ வீட்டு வாசலில் நிற்பது பெரும்பாலும் கியர் வண்டி. திருவான்மியூர் சிக்னலிலிருந்து கொட்டிவாக்கம் வருவதற்குள் மாலை நேரத்தில் இடது கால் எத்தனை முறை கிளட்சை அழுத்தி, பாதியில் நிறுத்தி, மெல்ல விட வேண்டியிருக்கிறது! பிரேக்கை ஒருமுறை ஓங்கி மிதித்தால் போதும். கிளட்சோ ஓயாத உழைப்பு. மூட்டை மடக்கிப் பாதத்தைத் தூக்குவதும், அழுத்திப் பிடித்தபடி நிற்பதும், நடுங்காமல் விடுவதும் மூன்று வெவ்வேறு திறன்கள். மூன்றாவதே கடைசியில் வரும். ஆகவே கியர் வண்டி ஓட்டுவோர்க்கு இடது கால் என்ற சலுகை இல்லை.

அவசரத்தில் கிளட்ச் தவறினாலும் வண்டி குலுங்கி அணைந்து நிற்கும். பிரேக் தவறினால் நிற்காது. பயிற்சியில் முதன்மை எதற்கு என்பது இதிலிருந்து விளங்கும்.

துறவியர்க்குச் சொல்லப்பட்ட ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. நான்கு முழ தூரம் முன்னே நோக்கி, உயிர்க்குத் தீங்கு நேராமல் அடி வைப்பது அது. கால்நடையாகச் செல்பவர்க்கு நான்கு முழம் போதும். காரில் செல்பவர்க்குப் பல மீட்டர் வேண்டும். மேலும், கவனமின்மையால் உயிர்க்கு நேரும் கேட்டையும் இம்சை என்றே ஆகமங்கள் வகுத்தன. கால் தயாராகவில்லை என்று அறிந்தும் சாவியை எடுப்பது அவ்வகையில் அடங்கும். சட்டமும் இதனை விடவில்லை: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186ஆம் பிரிவு, உடல் தகுதியற்ற நிலையில் ஓட்டுவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது.

தேறும் காலம் பற்றிச் சிராவகக் குடும்பங்கள் முன்கூட்டியே கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்று. இரத்தம் உறையாதிருக்க வயிற்றில் போடப்படும் எனாக்சபரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. பலருக்கு இது தெரியாது; தெரிந்தபின் வருந்துவதால் பயனில்லை. ஆஸ்பிரின், ரிவராக்சபான், அபிக்சபான் போன்றவை வேதியியல் முறையில் செய்யப்படும் மாத்திரைகள். எல்லோருக்கும் பொருந்தும் என்பதில்லை. அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால் அவர் ஆராய்ந்து மாற்றித் தரக்கூடும். தாமாகவே ஊசியை நிறுத்துவது மட்டும் கூடாது. காலில் உறையும் இரத்தம் நுரையீரலை அடைந்தால் உயிருக்கே இடர். "இரவு உணவுக்குப் பின்" என்று எழுதிய மாத்திரைகளையும், பொழுது சாயுமுன் உண்பவர் என்று கூறி நேரம் மாற்றிக் கேட்கலாம். தசை தேறப் புரதம் வேண்டும். பயறு, பருப்பு, பால், தயிர் ஆகியவற்றை வழக்கத்தினும் கூட்டினால் போதும்.

இனி வண்டிக்குத் திரும்பும் வழி. முதலில் ஏறுவது. இருக்கையை முழுதும் பின்னே தள்ளி, முதுகு காட்டி உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்க்கு இது இன்றியமையாதது. தாழ்ந்த இருக்கையாயின் கெட்டியான மெத்தை ஒன்று வைத்துக்கொள்க. அடுத்து, அடுக்ககத்தின் நிறுத்துமிடத்திலேயே எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற்றி ஓங்கி மிதித்துப் பார்க்கலாம். பல முறை செய்தும் வலியோ தயக்கமோ இருக்கக் கூடாது. கையால் தொடையைத் தூக்கிவிட வேண்டியிருந்தால் இன்னும் காலம் வரவில்லை. அவ்வாறே கிளட்சை முழுதும் அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடித்து மெல்ல விட வேண்டும்.

இவை கைகூடி, அறுவை செய்த மருத்துவரும் இசைவு தந்தபின், ஞாயிறு விடியலில் கொட்டிவாக்கத்தின் உட்தெருக்களில் ஒரு சுற்று. அருகில் ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர். கடற்கரைச் சாலை பிறகு. மாமல்லபுரம் செல்லும் வண்டிகள் நிறையும் வார இறுதி மாலை அதற்கும் பிறகு. திண்டிவனம் கடந்து மேல்சித்தாமூருக்கோ, பொன்னூர் மலைக்கோ செல்லும் நெடும்பயணத்திற்கு அவசரமே வேண்டாம். செல்லும்போதும் மணிக்கு ஒருமுறை இறங்கி நடப்பது காலுக்கும் இரத்த ஓட்டத்திற்கும் நல்லது.

இரு முழங்கால்களும் மாற்றியவர்க்கும் கிளட்ச் மட்டும் கைகூடாதவர்க்கும் தானியங்கிக் கியர் ஒரு வழி. 2014-இல் மாருதி செலெரியோவில் வந்த ஏஎம்டி முறை இன்று விலை குறைந்த கார்களிலும் கிடைக்கிறது. எனினும் அது இடது காலுக்கு மட்டுமே ஓய்வு தருகிறது. வலது காலுக்குரிய ஆறு வாரத்தை எந்தக் காராலும் குறைக்க இயலாது. அவ்வாரங்களில் வயதான தம்பதியரை ஜினாலயத்திற்கு அழைத்து வரவும், மருந்து வாங்கித் தரவும் அதே தெருவில் வாழும் இளைஞர்கள் முன்வந்தால், முதியவர் சாவியைத் தேடமாட்டார். இந்த அரங்கிலேயே அத்தகைய இளைஞர் பலர் அமர்ந்திருக்கின்றனர்.