கிரைண்டர் சுத்தினா போதாது, மாவு அரையணும்

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

கூட்டமைப்பு நிர்வாகிகளே, நொச்சிக்குப்பத்திலிருந்தும் கண்ணம்மாபேட்டையிலிருந்தும் ஊரூர் குப்பத்திலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகளே,

சேமிப்பு, கடன், தவணை பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் வோல்டேஜ் பத்திப் பேசறேன். ரெண்டும் ஒண்ணுதான். குழுக் கடன்ல வாங்கின கிரைண்டரோட மோட்டார் எரிஞ்சா, தவணை நிக்குமா?

நம்ம வீட்டுக்கு வர வேண்டியது 240 வோல்ட். விதிப்படி 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது சுமார் 226-லிருந்து 254 வரை. 200-க்கு இறங்கினா இஸ்திரிப் பெட்டியிலே சூடு ஏறக்குறைய 70 சதவீதம்தான் கிடைக்கும். வாடிக்கையாளர் காத்திருப்பார், துணி மடிப்பு விழாது. மோட்டார் கதை இன்னும் மோசம். அதே மாவை அரைக்க அது அதிகக் கரண்டை இழுக்கும். உள்ளே காயில் சூடேறி, கருகின வாடை வரும்.

கரண்ட் போனா உடனே போன் பண்றோம். வோல்டேஜ் குறைஞ்சா, "ஏசி சீசன், அப்படித்தான்"னு விட்டுடறோம். விடக் கூடாது. முதல்ல பக்கத்து வீட்டைக் கேளுங்க. நமக்கு மட்டும் குறைச்சல்னா வீட்டு ஒயரிங்கிலோ சர்வீஸ் இணைப்பிலோ கோளாறு இருக்கலாம். சில வீடுகளுக்கு மட்டும்னா ஒரே பேஸ்ல லோடு கூடியிருக்கலாம். தெருவுக்கே குறைச்சல்னா டிரான்ஸ்பார்மரைப் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு விளக்கு மங்கலாகவும் இன்னொண்ணு கண் கூசும்படியும் எரிஞ்சா, நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போ 240-க்குப் பதிலா 400 வோல்ட் வரைகூட வீட்டுக்குள்ளே வரலாம். உடனே மெயினை அணைங்க. தெரு பில்லர் பாக்ஸை யாரும் தொட வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. பிளக்கில் செருகினா வோல்டேஜ் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு குழுவுக்கு வாங்கலாம். காலை, மதியம், இரவு பத்து நாள் பார்த்து, தேதி, நேரம், எண் மூணையும் நம்ம சேமிப்பு நோட்டு மாதிரி எழுதி வைக்கலாம். 2021-ல் தொடங்கின மின்னகம் எண் 94987 94987. புகார் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்க. அங்கே தீரலைன்னா மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதுக்கு மேல மின் குறைதீர்ப்பாளர். 2003 மின்சாரச் சட்டம் நமக்குக் கொடுத்த வழி இது.

"வோல்டேஜ் சரியில்லை"ன்னு சொன்னா, "பார்க்கறோம்"னு பதில் வரும். "பத்து நாளா இரவு 8 மணிக்கு 195, இதோ நோட்டு, இருபது வீட்டுக் கையெழுத்து"ன்னு வச்சா, பதில் சொல்லியே ஆகணும். தனியா ஸ்டெபிலைசர் வாங்கி ஆளாளுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, கூட்டமா ஒரு மனு கொடுப்போம். குழுன்னு சேர்ந்தது அதுக்குத்தானே?