கணினியில் ரேடியோ: புதிதாகத் தொடங்குவோருக்கு



படிக்கிற பிள்ளை, "கம்ப்யூட்டரிலேயே ரேடியோ கேட்கணும், பணம் கொடுங்க" என்று வந்து நின்றால், விவரம் தெரியாமல் கொடுக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

பழைய ரேடியோவில் நிலையத்தைப் பிரித்தெடுப்பது காயிலும் கண்டென்சரும். மென்பொருள் ரேடியோவில் அதைக் கணினி செய்கிறது. களத்துக் குவியலை அப்படியே வாரி வந்து வீட்டில் சலித்துக்கொள்வது மாதிரி. கட்டைவிரல் அளவுள்ள ஆர்.டி.எல். கருவி, வான் அலையை எண்களாக்கிக் கணினிக்குக் கொடுக்கும். டெலிவிஷன் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது இது. இதை ரேடியோவாக்கும் வழி 2012இல் பரவியது. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். தொடக்கத்தில் இதற்கு மேல் செலவு வேண்டாங்க.

முதலில் எஸ்.டி.ஆர். ஷார்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 88 முதல் 108 மெகாஹெர்ட்சில் எஃப்.எம். நிலையம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். கேட்டால் கருவி நல்லது என்று பொருள். ‘கெயின்’ அளவை மட்டும் ஒரேயடியாக ஏற்றக் கூடாது. உரம் மிஞ்சினால் பயிர் கருகுவது போல, இரைச்சல்தான் மிஞ்சும்.

அடுத்தது வானிலைப் படம். அமெரிக்காவின் நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்கள் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. அவற்றைச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பிக் காத்திருக்காதீங்க. ரஷ்யா 2023, 2024இல் ஏவிய மெட்டியோர் கோள்களை 137.9 மெகாஹெர்ட்சில் தேடலாம். சாட்டம்ப் என்ற இலவச மென்பொருள் அந்த அலையைப் படமாக்கும்.

ஏரியலுக்கு 53 செ.மீ. நீளத்தில் இரண்டு செம்புக் கம்பிகள் போதும். கேபிளின் நடுக்கம்பியில் ஒன்றையும் மேல்வலையில் மற்றொன்றையும் இணையுங்கள். இரண்டையும் 120 டிகிரிக்கு விரித்து, மொட்டை மாடியில் தரைக்குச் சமமாகப் படுக்க வையுங்கள். விரிந்த பக்கம் வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். கோள் தலைக்கு மேல் கடக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் படம் வரிவரியாக வளரும். இடி மின்னல் நேரத்தில் மாடி ஏறாதீர்கள். கேபிளை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

இந்தக் கருவி கேட்க மட்டுமே, ஒலிபரப்ப முடியாது. பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது குற்றம்.

ஒன்று நினைவிருக்கட்டும். படத்தில் தெரிவது அந்த நேரத்து மேகம்தான். நாளை மழை எங்கே என்று அது சொல்லாது. அறுப்புக்கு ஆள் விடவும் மருந்து தெளிக்கவும் வானிலை நிலைய அறிவிப்பைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பிள்ளைக்குப் படிப்பு, உங்களுக்குக் குறைந்த செலவு. அந்த அளவில் தாராளமாகத் தொடங்கலாம்.