விமானத்தின் எண்ணெய் நாளங்கள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதராகிய யாம் விமானத்தைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களிற் சிலர்க்கு வியப்பையும், சிலர்க்கு நகையையும் விளைத்தல் கூடும். இலக்கணங் கற்பித்துக் காலங்கழிக்கும் எமக்கும் உலோகக் குழாய்கட்கும் யாது தொடர்பெனின், கூறுதும். எம்மிடம் பள்ளியிற் பயின்ற மாணவரொருவர் இன்று விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையொன்றிற் பொறியாளராய் இருக்கின்றனர். சென்ற கோடை விடுமுறையில் அவர் எம் இல்லத்துக்கு வந்து, இரண்டு மாலைப் பொழுதுகள் தம் தொழிலைப் பற்றி எமக்கு விரித்துரைத்தனர். அன்று அவர் ஆசிரியராகவும் யாம் மாணவராகவும் இருந்தோம். கேட்டவற்றை நூல்களோடு ஒப்புநோக்கித் தெளிந்து, இப்பொழுது உங்கள் முன் வைக்கின்றோம்.

பெரிய விமானமொன்றின் சக்கரங்களை உள்ளிழுத்தல், சிறகின் விளிம்பிலுள்ள தகடுகளை அசைத்தல், வாலிலுள்ள சுக்கானைத் திருப்புதல், தரையிறங்கிய பின் பிரேக் பிடித்தல் ஆகிய இவையெல்லாம் ஒரு மனிதனது கையாற்றலுக்கு அடங்குவன அல்ல. முற்காலத்துச் சிறு விமானங்களில் கம்பி வடங்களை இழுத்தே இவற்றைச் செய்தனர். விமானம் பெருக்கவே, வேறொரு துணை வேண்டுவதாயிற்று. அத்துணையே ஹைட்ராலிக் என்னும் திரவ அழுத்த அமைப்பாகும்.

அதன் அடிப்படை மிக எளியது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் நாம் தரும் அழுத்தம், சிறிதுங் குறையாது அதன் எல்லாப் பக்கமும் பரவும் என்பது, பிரெஞ்சு நாட்டறிஞர் பாஸ்கல் (1623-1662) கண்ட உண்மை. ஒரு சதுர அங்குலப் பரப்புள்ள சிறு உந்துதண்டை 10 ராத்தல் வலிமையால் அழுத்துவோமாயின், அதே குழாயோடு தொடர்புடைய 100 சதுர அங்குலப் பரப்புள்ள பெருந்தண்டு 1,000 ராத்தல் வலிமையோடு எழும். இதற்குக் கைம்மாறாகச் சிறுதண்டு நூறு அங்குலம் நகர்ந்தாற் பெருந்தண்டு ஓரங்குலமே நகரும். இயற்கை எதனையும் விலையின்றித் தருவதில்லை. இவ்வுண்மையைக் கொண்டு ஆங்கில நாட்டு ஜோசப் பிராமா என்பார் 1795-இல் ஓர் அழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றனர். இன்று பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இவ்வெண்ணெய் சதுர அங்குலத்துக்கு 3,000 ராத்தல் அழுத்தத்தில் நிற்கின்றது. ஏர்பஸ் 380, போயிங் 787 முதலிய புதியவற்றில் அது 5,000 ராத்தல்.

ஒன்று பழுதுபடினும் மற்றொன்று உதவும்பொருட்டு இவ்வமைப்பை இரண்டு மூன்றாகப் பகுத்து வைப்பர். ஏர்பஸ் 330 விமானத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என நிறத்தாற் பெயர்பெற்ற மூன்று உள. போயிங் 747-இல் நான்கு.

நிற்க. இவ்வமைப்பின் முதற்பகை யாதென வினவினோம். “காற்று” என்றனர் எம் மாணவர்.

இஃது எங்ஙனமெனின், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கிக் கை உள்ளே செல்லும். சிறுவர் விளையாடும் பீச்சாங்குழலில் நீர் நிரப்பி வாயை அடைத்து அழுத்துங்கள், அசையாது. திரவம் எளிதிற் சுருங்காது, காற்றுச் சுருங்கும். எண்ணெய்க் குழாயினுள்ளே காற்றுக் குமிழிகள் புகுந்துவிடின், விமானி பிரேக்கை மிதிக்கும் மிதி முழுமையும் சக்கரத்தைச் சென்று சேராது. ஒரு பங்கு அக்குமிழிகளைச் சுருக்குவதிலேயே கழியும். மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும். உறுப்புக்கள் ஒழுங்காய் நகராது துள்ளும். பம்பு இரைச்சலிட்டுத் தேயும். நம் மருத்துவ நூலோர் உடற்கூற்றின் மூன்றனுள் வளியை முதலில் வைத்தெண்ணியது எமக்கு அப்பொழுது நினைவுக்கு வந்தது.

இக்காற்றை வெளியேற்றும் தொழிலை ஆங்கிலத்திற் குருதி வடித்தல் என்னும் பொருள்படப் ‘பிளீடிங்’ என்பர். நம் ஊர் மோட்டார்ப் பட்டறையினரோ ‘ஏர் எடுத்தல்’ என்பர். ஆங்கிலச் சொல் வெளிவருவதைக் குறிப்பது. பட்டறைச் சொல் செய்யும் வினையின் நோக்கத்தையே குறிப்பது. சொல்லாராய்ச்சி செய்வார்க்குப் பின்னதே பொருத்தமுடையதெனத் தோன்றும்.

அவ்வினை நிகழும் முறையைக் கூறுதும். சக்கரத்திலுள்ள பிரேக்கின் மேற்புறத்தே சிறு திருகு வால்வு ஒன்று உண்டு. அதில் ஒளி ஊடுருவும் குழாயொன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையைத் தூய எண்ணெயுள்ள கலத்தில் அமிழ்த்துவர். ஒருவர் மேலிருந்து மிதியை அழுத்த, மற்றொருவர் கீழே வால்வைத் திறப்பர். எண்ணெயும் குமிழியுமாகக் கலந்து வரும். மிதி மேலெழுமுன் வால்வை மூடிவிடல் வேண்டும். இன்றேல் போன காற்று மீண்டும் புகும். மேலுள்ள எண்ணெய்க் கலம் வற்றாது நிரப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். அது வற்றின் அவ்வழியும் காற்றுப் புகும். குமிழி ஒன்றேனும் இன்றி எண்ணெய் ஒரே தாரையாய் ஒழுகும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்வர். சிறு விமானங்களிற் சக்கரப் பக்கத்திலிருந்து எண்ணெயை மேல்நோக்கிச் செலுத்துவதும் உண்டு. மேலெழுதல் குமிழியின் இயல்பாதலின் அம்முறை எளிதாகின்றது. பெரிய அமைப்புக்களில் உறுப்புக்களைப் பலமுறை இயக்க இயக்க, அவற்றிலுள்ள காற்று எண்ணெயோடு கலத்துக்குத் திரும்பிப் பிரிந்துவிடும்.

எண்ணெயிலும் வகை உண்டு. சிறு விமானங்களிற் பெரும்பாலும் வழங்குவது செந்நிறமுள்ள கனிம எண்ணெய். பெரிய பயணிகள் விமானங்களில் வழங்குவது ஊதா நிறமுள்ள, எளிதில் தீப்பற்றாத செயற்கைத் திரவம். ஒன்றுக்கு ஏற்ற ரப்பர் வளையம் மற்றொன்றுக்கு ஆகாது. மாற்றி ஊற்றிவிடின் வளையங்கள் உப்பிக் கெட்டுக் கசிவு உண்டாகும். ஊதாத் திரவம் கண்ணிற் பட்டாற் பெரிதும் எரியும். வண்ணப் பூச்சையும் தின்றுவிடும். ஆதலிற் கண்ணாடியும் கையுறையும் இன்றி அதனைத் தொடுவாரில்லை. அது நீரை உறிஞ்சிக் காலப்போக்கிற் புளிப்பேறும் தன்மையது. ஆதலின் இடையிடையே மாதிரி எடுத்து ஆய்வர்.

இனிச் சோதனை செய்யும் முறை. விமானத்தின் எந்திரத்தை ஓட்டாமலே, தரையிலுள்ள பம்பு வண்டியைக் குழாயோடு இணைத்து அழுத்தம் ஏற்றுவர். அதற்கு முன் சக்கரக் கால்களிற் பூட்டு ஊசிகள் செருகப்பட்டனவா, அசையும் தகடுகளின் அருகே ஆட்கள் உளரா, அறையிலுள்ள பிடிகள் தகடுகளின் நிலையோடு ஒத்திருக்கின்றனவா எனப் பார்ப்பர். என்னை? அழுத்தம் ஏறிய கணமே தகடுகள் பிடியின் நிலைக்குத் தாவும். இடையில் அகப்பட்ட கை, கை எனப் பாராது.

கசிவைத் தேடும்போது குழாயைக் கையால் தடவிப் பார்த்தல் கூடவே கூடாதாம். ஊசிமுனைத் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே சிறு புள்ளியாய்த் தோன்றும் அப்புண்ணால் விரலையோ கையையோ இழந்தோர் உளர். ஆதலின் அட்டைத் துண்டைக் கொண்டே தேடுவர். சொட்டும் கசிவாயின், மணிப்பொறியைக் கையிற்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என எண்ணிக் கைந்நூலிலுள்ள வரம்போடு ஒப்பிடுவர். வடிகட்டியில் அழுக்கு அடைப்பின் அதன் தலையிலுள்ள சிவப்புப் பொத்தான் எழும்பி நிற்கும். அதைக் கண்டவர் வடிகட்டியை மாற்றுவதோடமையாது, அதிற் படிந்த உலோகத் துகள் எவ்வுறுப்புத் தேய்ந்து வந்ததென்றும் ஆராய்வர். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் என்னும் கலத்தில் நைட்ரஜன் வாயு உண்டு. எண்ணெயின் அழுத்தத்தை முற்றும் இறக்கிய பின்னரே அவ்வாயுவை அளத்தல் வேண்டும். இன்றேல் அளவு பொய்யாகும்.

இத்துணை நுண்மையும் வேண்டுமோ என ஐயுறுவார்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுதும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-இல் கனடா நாட்டு ஏர் டிரான்சாட் விமானமொன்று 306 பேரோடு டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்டது. அதற்குச் சில நாள் முன்னரே அதன் வலப்புற எந்திரம் மாற்றப்பட்டிருந்தது. புதிதாய் வந்த எந்திரம் பழைய அமைப்பினது. பொருத்திய ஹைட்ராலிக் பம்போ திருத்திய அமைப்பினது. இதனால் ஹைட்ராலிக் குழாயும் எரிபொருட் குழாயும் ஒன்றையொன்று நெருங்கின. அப்பொருத்தத்தைப் பற்றிய அறிவிப்பேடு இருந்தது. கணினியில் அதனைத் திறக்க இயலாமையால் நோக்காமலே வேலை முடிந்தது. குழாயைக் கையால் ஒதுக்கி இடைவெளி உண்டாக்கினர். கண்ணுக்கு இடைவெளி தெரிந்தது. ஆயினும் 3,000 ராத்தல் அழுத்தம் ஏறியபொழுது, வளைத்த குழாய் தன் பழைய நிலைக்கு மீண்டு எரிபொருட் குழாயின்மேல் உராய்ந்தது. அட்லாண்டிக் பெருங்கடலின் மேல், நள்ளிரவில், எரிபொருட் குழாய் விரிந்தது. கசிவென்று உணராத விமானிகள் மற்றைப் பக்கத்து எரிபொருளையும் அவ்வழியே செலுத்த, அதுவும் ஒழுகிற்று. இரண்டு எந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன.

அந்நிலையில் விமானத்தின் வயிற்றிலிருந்து சிறு காற்றாடியொன்று வெளிப்பட்டுச் சுழன்று, ஹைட்ராலிக் எண்ணெய்க்கு அழுத்தம் தந்தது. அதனாலன்றோ சுக்கான் அசைந்தது! எந்திர ஆற்றலின்றி ஏறத்தாழ 19 நிமிடம் மிதந்து வந்து, அசோரஸ் தீவுக்கூட்டத்திலுள்ள லாஜஸ் என்னும் தளத்தில் இறங்கினர். சிலர் காயமுற்றனர், ஓருயிரும் போகவில்லை. ஒரு குழாயை ஹைட்ராலிக் குழாயொன்று கெடுத்தது. எல்லாரையும் ஹைட்ராலிக் எண்ணெயே காத்தது. அழுத்தமின்றிப் பார்த்தது பார்த்ததாகாது என்னும் பாடத்தை அவ்வேலைக்கு உரியார் அன்று கற்றனர்.

எல்லாரும் அத்தகைய பேறு பெறவில்லை. 1985 ஆகஸ்டு 12-இல் ஜப்பான் விமானமொன்றின் பின்புற அழுத்தச் சுவர் வெடித்து, வாலின் பெரும்பகுதி பறந்து, நான்கு ஹைட்ராலிக் அமைப்புக்களும் ஒருங்கே எண்ணெயிழந்தன. விமானிகள் ஏறத்தாழ அரைமணி நேரம் போராடியும் பயனின்றி 520 பேர் மாண்டனர்; நால்வரே பிழைத்தனர். காரணம், 1978-இல் அச்சுவரைப் பழுதுபார்த்தவர்கள் இணைப்புத் தகட்டை உரியவாறு பொருத்தாமையே. ஏழாண்டு அப்பிழை வாய்மூடிக் காத்திருந்தது. 1989 ஜூலை 19-இல் அமெரிக்காவில் டி.சி.10 விமானமொன்றின் வாலெந்திரம் சிதறி மூன்று அமைப்புக்களையும் அறுத்தது. பக்கத்து இரண்டு எந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் சூ நகரத்தில் இறக்கினர். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அதன் பின்னரே, எண்ணெய் அளவுமீறி ஓடின் தானே மூடிக்கொள்ளும் வால்வை அவ்வகை விமானங்களிற் சேர்த்தனர்.

இறுதியாக எம் மாணவர் கூறிய ஒன்றைச் சொல்லி அமைதும். ஓரிரவு விமானமொன்றின் பிரேக்கை மாற்றிய பின் அவர் காற்றெடுத்துக் கொண்டிருந்தனர். புறப்படும் நேரம் நெருங்கிற்று. குழாயில் இன்னும் ஒன்றிரண்டு குமிழிகள் வந்துகொண்டிருந்தன. “மிதி கெட்டியாய்த்தான் இருக்கிறது, கையொப்பமிடு” என்றனர் மேலோர். அவர் இடவில்லை. மீண்டும் எண்ணெய் நிரப்பி, மீண்டும் வடித்து, குமிழியற்ற பின்னரே ஏட்டிற் கையொப்பமிட்டனர். விமானம் நாற்பது நிமிடம் பிந்திப் புறப்பட்டது. பயணிகள் வைதனர், மேலோர் விளக்கங் கேட்டனர்.

“நீ செய்தது சரியென்று பின்னர் ஒப்புக்கொண்டனரா?” என வினவினோம்.

“எங்ஙனம் ஒப்புவர் ஐயா? விமானம் நலமாய்ப் போய் இறங்கிவிட்டதே! குமிழியோடு போயிருந்தாலும் இறங்கியிருக்கலாம். நான் காத்தேன் என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை” என்றனர் அவர்.

அம்மொழி எம்மைப் பல இரவு உறங்கவொட்டாது செய்தது. பிழை செய்தவன் பெயர் விசாரணை ஏட்டில் நிற்கும். பிழை நிகழாவாறு காத்தவன் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. அவன் காத்தவை எவையென அவனும் அறியான். அங்ஙனம் இருந்தும், நள்ளிரவில் ஒருவரும் பாராத இடத்தில், கடைசிக் குமிழி போகும்வரை குனிந்திருப்பவனது நேர்மையின்மேலன்றோ அத்தனை உயிரும் பறக்கின்றன!

பெற்றோர்களே! நும் மைந்தர் எழுதுகோல் பிடிக்கும் உத்தியோகத்தையே நாடல் வேண்டும், எண்ணெய்க் கை இழிந்தது என எண்ணாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எம் மாணவர் பட்டப்படிப்பை விடுத்து அத்தொழிலிற் புகுந்த காலத்து, ‘நல்ல தமிழறிவு வீணாயிற்றே’ என அவரிடமே வருந்திக் கூறியவர் யாம். அச்சொல்லை இவ்வவையில் திரும்பப் பெற்றுக்கொள்கின்றோம். இளைஞர்களே! எத்தொழில் புகினும், உங்கள் கையொப்பத்தின் விலையை அறிந்து இடுங்கள். பயணம் செல்வோர்க்கும் ஒரு வேண்டுகோள்: விமானம் பிந்துமாயின், ஒருவேளை கீழே ஒருவன் குமிழி எண்ணிக்கொண்டிருக்கின்றான் என நினைந்து சற்றே பொறுத்தருள்க.