முதுகு வலியும் மூட்டு வாதமும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு உடல் நோவை எடுத்துச் சொல்வதிலேயே ஒரு சங்கடம் உண்டு. குடைச்சல், குத்தல், கடுப்பு, பிடிப்பு, உளைச்சல் என்று ஒவ்வொன்றையும் தமிழில் பிரித்துச் சொல்லிப் பழகியவர்கள் நாம். டில்லியிலோ கான்பூரிலோ வைத்தியர் முன் அமர்ந்ததும் இவையனைத்தும் நமக்குத் தெரிந்த ‘தர்த்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. முதுகெலும்பைப் பொறுத்தவரை இது சிறு விஷயமன்று. வலியின் வகையைக் கொண்டுதான் சிகிச்சையே அமைகிறது.

தசைப் பிடிப்பாலும் எலும்புத் தேய்மானத்தாலும் உண்டாகும் வலி, பளு தூக்கினால் மிகும்; படுத்தால் தணியும். இதற்கு வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கச் சொன்ன காலம் ஒன்றிருந்தது. இன்று மருத்துவர்கள் அதை விரும்புவதில்லை. இயன்ற அளவு நடமாடுவதும், முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளுமே பெரும்பாலோர்க்குப் போதும்.

அழற்சியால் வரும் வலியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் 40 வயதுக்கு முன்னரே மெல்லத் தொடங்கும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். காலையில் முதுகு மரக்கட்டைபோல் விறைத்திருக்கும். இளகுவதற்கு அரை மணிக்கு மேலும் ஆகும். ஓய்வினால் கூடும், உடற்பயிற்சியால் குறையும். ஆன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்னும் இந்நோயைக் கவனியாது விட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். இளைஞர் ஒருவர் இப்படிச் சொன்னால், “வடநாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று வீட்டார் தள்ளிவிடுகிறார்கள். குளிர் விறைப்பை அதிகமாக உணரச் செய்யலாம், நோயை உண்டாக்குவதில்லை. ஆரம்பத்தில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆகவே எலும்பு மருத்துவரோடு நின்றுவிடாமல், வாதநோய் நிபுணரையும் காண்பது நல்லது.

இதற்கு நாள்தோறும் பயிற்சியும், நாப்ராக்சன் போன்ற அழற்சி தணிக்கும் மாத்திரைகளும் முதற் சிகிச்சை. அம்மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வை வேண்டும். அவை போதாதபோது, அடாலிமுமாப் முதலிய ஊசி மருந்துகள் உண்டு. முன்பு வெளிநாட்டுச் சரக்காகவே கிடைத்த அம்மருந்து, 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகிறது. ஆயினும் உடலில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று சோதித்த பின்னரே இவ்வூசியைத் தொடங்க வேண்டும்.

கைவிரல் மூட்டுகள் வீங்கும் முடக்குவாதத்துக்குப் பெரிதும் பயன்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். இதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். பிறமொழியில் சொன்னதைத் தவறாக விளங்கிக்கொண்டு நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைத் தமிழில் எழுதி மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள்.

1948-இல் பிலிப் ஹென்ச் என்னும் அமெரிக்க மருத்துவர் கார்ட்டிசோனை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்தார். அசையாதிருந்தவர்கள் சில நாட்களில் எழுந்து நடந்தனர். 1950-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதன் தீங்குகள் பின்னரே நன்கு புலப்பட்டன. பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கும் ‘வாதப் பொடி’ சிலவற்றில் இவ்வினத்து ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. இரண்டே நாளில் வலி பறந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால், முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரசு இலவசமாகவே மருந்து தருகிறது. கால் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

அடுத்த முறை வைத்தியரிடம் செல்லுமுன் ஒரு காகிதம் எடுங்கள். வலி தொடங்கிய மாதம், காலை விறைப்பு எத்தனை நிமிடம், நடந்தால் கூடுகிறதா குறைகிறதா, இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, இதுவரை உண்ட மருந்துகள் யாவை என்பவற்றைக் குறியுங்கள். பள்ளியில் இந்தி படிக்கும் உங்கள் பிள்ளை அதை அரைமணியில் மொழிபெயர்த்துத் தந்துவிடுவான்.