கண்ணின் சாட்சியும் காமிராவின் சாட்சியும்



"என் கண்ணாலேயே பார்த்தேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் கேள்வியே கிடையாது என்பதாக நம்மில் பலர் எண்ணுகிறார்கள். கோர்ட்டில் எப்பேர்ப்பட்ட சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவதில்லை. நம் கண்ணை மாத்திரம் ஏன் விட்டுவிட வேண்டும்? இதற்கு உதாரணமாகவே பிளாஸ்மாத் தாரையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்தோம்.

வாயுவில் மின்சாரம் பாய்ந்து அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து திரியும் நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். மின்னலும் அதுவே, எரியும் நியான் குழாய்க்குள் இருப்பதும் அதுவே. மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் ஹீலியத்தையாவது ஆர்கானையாவது ஓடவிட்டு, சில ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை கொடுத்தால், குழாயின் வாயில் சில சென்டிமீட்டர் நீளமுள்ள சுடரொன்று நீட்டிக்கொண்டு நிற்கும். எலெக்ட்ரான்கள் கடுஞ்சூடாயிருந்தும் வாயு சூடேறுவதில்லையாதலால், விரல் பட்டாலும் சுடாதபடி அதை அமைக்கலாம். "இது ஆடாமல் அசையாமல் எரிகிற சுடர்" என்பதே கண் சொல்லும் சாட்சி.

2005-ம் வருஷத்தில் ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்து ஆராய்ச்சியாளர்களும், 2006-ல் அமெரிக்காவில் லூ, லாரூசி என்ற இருவரும் இச்சுடரை அதிவேகக் காமிராவால் படம் பிடித்து வெளியிட்டார்கள். அக்காமிரா சில நானோ வினாடி நேரம் மாத்திரமே கண் திறப்பது. ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. படத்தில் சுடரைக் காணோம்! ஒரு சின்ன ஒளி உருண்டைதான் வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது போனபின் இருட்டு. பிறகு அடுத்த உருண்டை. வினாடிக்கு ஆயிரக்கணக்கில் வருவதால் நம் கண் அவற்றைச் சேர்த்து ஒரே சுடராக்கிக் கொண்டது.

அதற்குப் "பிளாஸ்மாத் தோட்டா" என்று பெயரிட்டார்கள். ஆனால் தோட்டா என்றதும் ஏதோ வஸ்து பறக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வாயு வினாடிக்குச் சில மீட்டர்தான் நகருகிறது. நெல் வயலில் காற்றடித்தால் அலை ஓடுகிறது, பயிரா ஓடுகிறது? அதுபோல, அங்கங்கேயுள்ள வாயு முறைமுறையாக மின்னூட்டம் பெற்று ஒளிவிடுவதுதான் ஓட்டமாகத் தோன்றுகிறது. ஆகவே, பெயரையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சரி, காமிராவை நம்பிவிடலாமா என்றால், அதிலும் ஒரு சங்கதியுண்டு. நானோ வினாடியில் கிடைக்கும் வெளிச்சம் மிகச் சொற்பமானதால், பல மின்வெட்டுகளை ஒரே படத்தில் ஒன்றன்மேலொன்றாகப் பதிப்பது வழக்கம். ஹீலியத்தில் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே பாதையில் வருவதால் பாதகமில்லை. ஆர்கானிலோ மின்சாரம் நூலிழை போல் மெலிந்து, தடவைக்கொரு வழியாக வளைந்து போகக்கூடியது. பத்துப் பேர் ஆளுக்கொரு வரப்பில் நடந்ததை ஒரே படத்தில் பதித்தால், அங்கே அகலமான ரோடு இருப்பதாகத்தானே தோன்றும்? அதுபோல இழைகள் மறைந்து, பரந்த ஒளி மாத்திரம் தெரியும். ஒரே ஒரு மின்வெட்டைத் தனியாகப் பிடித்தால்தான் இழை அகப்படும்.

இழையோ பரந்த ஒளியோ, இதிலென்ன லாப நஷ்டம் என்று கேட்கலாம். ஆறாத புண்ணுக்குச் சிகிச்சை செய்ய ஜெர்மனியில் கிரைப்ஸ்வால்ட் நகரத்தில் உருவான ஆர்கான் தாரைக் கருவி 2013-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. ஒளி பரவி விழுந்தால் சூடும் பரவும்; இழை ஒரே இடத்தில் நின்றால் சூடும் மின்சாரமும் அவ்விடத்திலேயே குவியும். ஆதலால் இது படத்தின் அழகைப் பற்றிய விஷயமல்ல. மனிதன் சதையைப் பற்றிய விஷயம்.

தோழர்களே! கண் பொய் சொன்னதென்று கண்ணைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாய், எத்தனை தடவை பார்த்தாய், தனித்தனியாகவா, மொத்தமாகவா என்று கண்ணையும் கருவியையும் கேளுங்கள் என்கிறோம். நாம் சொன்னதையும் அப்படியே கேட்டுச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.