ஓடும் பிள்ளைக்கு இடுப்பு வலித்தால்...

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நான் இடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம்! "சார், பிள்ளைக்கு ஓடினா இடுப்பு வலிக்குதாம். இனிமே ஓட வேணாம்னு சொல்லிட்டோம்" என்று சொல்லும் பெற்றோர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பெண் பிள்ளை என்றால் அந்தத் தடை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். அந்த ஒரு சொல்லோடு நல்ல ஓட்டக்காரி ஒருத்தி திடலை விட்டுப் போய்விடுகிறாள். அப்படிப் போக வேண்டியதில்லை என்பதே என் பேச்சின் சாரம்.

நடக்கும்போது இரண்டு பாதங்களும் சேர்ந்து தரையில் படும் நேரம் உண்டு. ஓட்டத்தில் அப்படி ஒரு கணமும் கிடையாது. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு பாரத்தை ஒற்றைக் கால் தாங்குகிறது. 30 கிலோ பிள்ளைக்கு அது 60 முதல் 90 கிலோ! அப்போது இடுப்புக்கூடு சாயாமல் பிடித்துக்கொள்பவை இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள். அவற்றில் பலம் குறைந்தால், தூக்கிய கால் பக்கம் இடுப்பு இறங்கும். அடித்தளம் சாய்ந்தால் மேலே நிற்கும் தூண் என்ன ஆகும்? கீழ்முதுகுத் தசைகள் அடிக்கு அடி இழுத்துப் பிடித்து, களைத்து, வலிக்கத் தொடங்கும்.

இதைத்தான் "இடுப்பு ஏறிப்போச்சு, எலும்பு விலகிடுச்சு" என்று பயந்துவிடுகிறோம். இடுப்பெலும்புகள் உறுதியான நார்களால் கட்டப்பட்டவை. ஓடியதால் லேசில் விலகா. தைலம் போட்டு உருவிவிட்டால் இதமாக இருக்கும், பலம் வராது. இரண்டு கால்களின் நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசமும் பலருக்கு உள்ளதுதான்.

உலகத்திலேயே வேகமான மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவின் உசேன் போல்ட்டுக்கு முதுகெலும்பே வளைந்தது. அதனால் இடுப்பும் சமமில்லை. இளம் வயதில் காயங்கள் அவரை விடாமல் துரத்தின. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் முதல் சுற்றிலேயே வெளியேறினார். வளைவு நிமிரவில்லை. ஆனால் வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை விடாமல் பலப்படுத்தினார். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். கோணல் இருந்தது, அதைத் தாங்கும் பலமும் இருந்தது!

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையைக் கண்ணாடி முன் அரை நிமிடம் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். தூக்கிய கால் பக்கம் இடுப்பு இறங்கினால் பலம் போதவில்லை என்று பொருள். பிறகு குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வேகமாக வளரும் வயதில் வளைவும் கூடலாம்.

பலம் சேர்க்கப் பணம் வேண்டாம், பாய் போதும். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குதல். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல். ஒற்றைக் காலில் நிற்றல். ஒவ்வொன்றும் பக்கத்துக்குப் பத்து முறை, வாரம் மூன்று நாள். ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். அதுவரை ஓடும் தூரத்தைக் குறையுங்கள். ஒரு பக்கம் தேய்ந்த சப்பாத்தை மாற்றுங்கள். சாலையோரச் சரிவில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடாதீர்கள். அம்பாங் ஹிலிர் ஏரிப் பூங்காவில் மெதுவோட்டம் ஓடும் அப்பாமார்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்!

ஆனால் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது வீரமல்ல. பின்னால் வளையும்போது வலித்து இரண்டு வாரமாகியும் தீராவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இளம் விளையாட்டாளர்களுக்கு முதுகெலும்பில் நுண்ணிய விரிசல் விழுவதுண்டு. இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், காலில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

ஓடினால் படிப்புக் கெடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மலேசியாவின் மணி ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். 1968இல் மெக்சிகோவில் அவர் 200 மீட்டரில் படைத்த 20.92 விநாடி தேசிய சாதனை 2017 வரை நின்றது. அவர் மருத்துவரும்கூட!

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை "வலிக்குது" என்றால் நம்புங்கள், காரணத்தைப் பாருங்கள், பலத்தைக் கொடுங்கள். ஓட்டத்தை மட்டும் பறித்துவிடாதீர்கள். பரிசு பெறும் செல்வங்களுக்கு வாழ்த்து. அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் வாழ்த்து.